ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு, தமிழகத்தின் கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். முறையான பொறியியல் கல்வி எதுவும் பெறாதவர். எனினும் மின்னோடி (மோட்டார்), சவரக் கருவி, வானொலிப் பெட்டி, மகிழுந்து, வாக்குப்பதிவுக் கருவி எனப் பல துறைகளில் தம் கைத்திறனைக் காட்டியவர். இந்தியாவின் எடிசன் என்றும், கோவையின் செல்வத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர் என்றும் இவர் போற்றப்படுகிறார். 1937 ஆம் ஆண்டில் கோவை பீளமேட்டில் இயங்கிய இவரது தொழிற்கூடத்தில் உருவான மின்னோடி, இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் மின்னோடி எனக் குறிப்பிடப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

நாயுடு, கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு. தாயை மிக இளம் வயதிலேயே இழந்ததால் உறவினர் பொறுப்பில் வளர்ந்தார்.

பள்ளிப் படிப்பில் இவருக்கு நாட்டம் இருக்கவில்லை. ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டு வகுப்பை விட்டு ஓடினார் என்ற செய்தி இவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் இடம்பெறுகிறது. மூன்றாம் வகுப்போடு இவரது பள்ளிக் கல்வி நின்றுபோனது. அதன் பிறகு தோட்ட வேலைகளைக் கவனித்துக்கொண்டே, கிடைத்த நூல்களைத் தாமாகப் படித்து அறிவை வளர்த்துக்கொண்டார். நூல்களைத் தேடிப் படிக்கும் இப்பழக்கம் இறுதிவரை நீடித்தது.

மோட்டார் சைக்கிள்

நாயுடுவின் வாழ்க்கையில் திருப்புமுனையாக அமைந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அக்காலத்தில் கிராமப்புறங்களுக்கு அலுவல் நிமித்தமாக வந்துசென்ற ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் வகை மோட்டார் சைக்கிளைப் பயன்படுத்தினார். குதிரையோ மாடோ இழுக்காமல் தானாக ஓடும் அந்த வண்டி இளைஞரான நாயுடுவைப் பெரிதும் கவர்ந்தது. ஒருமுறை வண்டி வழியில் நின்றுவிட, அதிகாரி அதைப் பிரித்துச் சரிசெய்வதை அருகில் இருந்து பார்த்ததாகவும், துடைப்பதற்கு வேண்டிய மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து கொடுத்ததாகவும் கூறப்படுகிறது.

அந்த வண்டியை விலைக்கு வாங்குவதே தம் குறிக்கோள் என முடிவு செய்த நாயுடு, வீட்டை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பணியாளராகச் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்துச் சில நூறு ரூபாய் சேர்த்தார். பின்னர் அந்த அதிகாரியைத் தேடிச் சென்று மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவுடன் அதை ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், முழுவதுமாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என ஆராய்ந்து, மீண்டும் பொருத்தினார். இந்த வழிமுறையையே பின்னாளில் கடிகாரம், வானொலி, கணக்கிடும் கருவி என அனைத்துக்கும் இவர் கையாண்டார்.

பருத்தி வணிகம்

மோட்டார் சைக்கிளுக்குப் பின் நாயுடு பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை ஒன்றை நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்திக்கு ஏற்பட்ட தேவையால் நல்ல பொருள் ஈட்டினார். பருத்தி வணிகத்தை விரிவுபடுத்தும் எண்ணத்தோடு மும்பை சென்றார். அங்கு நடந்த வணிகத்தில் ஈட்டிய பொருள் முழுவதையும் இழந்து ஊர் திரும்பினார். உற்பத்தியில் கிடைக்கும் வருமானத்தை விலையேற்ற இறக்கச் சந்தையில் இழந்த இந்நிகழ்வுக்குப் பின், இவர் பெரும்பாலும் இயந்திரம் சார்ந்த தொழில்களிலேயே ஈடுபட்டார்.

பேருந்துத் தொழில்

அக்காலத்தில் கோவையின் முன்னணித் தொழிலதிபராக இருந்தவர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ். நூற்பாலை, காப்பிப் பதனிடுதல், கல்வி ஆகிய துறைகளில் கோவையில் முன்னோடியாக விளங்கிய இவ்வாங்கிலேயர், நாயுடுவின் ஆர்வத்தைக் கண்டு கடனுதவி செய்து பேருந்து ஒன்றை வாங்குவதற்குத் துணைநின்றார். 1920 ஆம் ஆண்டில் நாயுடு தம் முதல் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே இயக்கினார். ஓட்டுநரும் அவரே.

பழனி முருகன் கோயிலுக்குச் செல்லும் அடியவர்களும், பொள்ளாச்சிச் சந்தைக்குச் செல்லும் வணிகர்களும் இவ்வழித்தடத்தில் மிகுதி. அன்றைய பேருந்துகள் பெரும்பாலும் ஆட்கள் நிரம்பிய பிறகே கிளம்பும் வழக்கம் கொண்டிருந்தன. நாயுடு நேரம் தவறாமையைத் தம் தொழிலின் அடிப்படையாகக் கொண்டார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (சுருக்கமாக யு. எம். எஸ்.) என்னும் பெயரில் நிறுவனம் வளர்ந்தது. 1930களின் முற்பகுதியில் இந்நிறுவனத்திடம் சுமார் 280 பேருந்துகள் இருந்தன. நாட்டின் திறன்மிக்க போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக இது கருதப்பட்டது.

இத்தனை வண்டிகளைப் பழுதின்றி ஓட்டுவதற்குத் தனிப் பணிமனை தேவைப்பட்டது. உதிரி உறுப்புகள் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், பல உறுப்புகளைப் பணிமனையிலேயே செய்துகொள்ள வேண்டியிருந்தது. எஞ்சின் அதிர்வைச் சோதித்துப் பழுதைக் கண்டறியும் கருவி ஒன்றையும் நாயுடு இக்காலத்தில் உருவாக்கினார். கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம், பற்றவைப்பு ஆகியவற்றில் தேர்ந்த தொழிலாளர்கள் இப்பணிமனையில் உருவாயினர். பின்னர் நாயுடு தொடங்கிய உற்பத்தித் தொழில்களுக்கு இதுவே அடித்தளமாக இருந்தது.

வெளிநாட்டுப் பயணமும் ஒளிப்படக் கலையும்

1930களில் நாயுடு ஐரோப்பாவுக்குப் பயணம் செய்தார். சென்ற இடமெல்லாம் தொழிற்சாலைகளைப் பார்வையிடுவதும், புதிய கருவிகளை வாங்கி வருவதும் இவரது வழக்கம். ஜெர்மனியின் நுண்கருவித் தொழில் இவரை மிகவும் ஈர்த்தது.

ஒளிப்படம் எடுப்பதிலும் திரைப்படச் சுருளில் நிகழ்வுகளைப் பதிவு செய்வதிலும் இவர் தேர்ந்தவர். 1936 ஜனவரியில் இலண்டனில் நடைபெற்ற மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தார். மகாத்மா காந்தி, ஜவகர்லால் நேரு, சுபாஷ் சந்திர போஸ் முதலிய தலைவர்களையும், ஜெர்மனிப் பயணத்தின்போது அடால்ஃப் ஹிட்லரையும் இவர் ஒளிப்படம் எடுத்துள்ளார். ஒளிப்படக் கருவியில் தொலைவைச் சரிசெய்யும் துணைக்கருவி ஒன்றை இவர் உருவாக்கியதற்கு இந்த ஈடுபாடே காரணம்.

மின்னோடித் தயாரிப்பு

பின்னணி

கொங்கு நாடு மழை குறைந்த பகுதி. இங்கு உழவு பெரும்பாலும் ஆழ்கிணறுகளை நம்பியே நடைபெற்றது. மாடுகளைப் பூட்டிக் கவலை இறைப்பதே நீர் எடுக்கும் முறை. கிணறு ஆழமாக ஆக, மாடுகளின் உழைப்பும் நேரமும் கூடிக்கொண்டே போகும். எண்ணெய் எஞ்சின்கள் வந்த பின்னும் அவற்றை வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது.

1930களின் முற்பகுதியில் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோவைக்கு வந்ததும் நூற்பாலைகள் பெருகின. கிணற்றுப் பாசனத்துக்கும் மின்சாரத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு உண்டானது. மின்சாரம் அருகில் உற்பத்தியானாலும் அதைப் பயன்படுத்தும் மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. விலை, கப்பல் கட்டணம், பழுதானால் உதிரி உறுப்புக்கான காத்திருப்பு ஆகியவை சிறு உழவர்களுக்கு எட்டாதவையாக இருந்தன.

1937 ஆம் ஆண்டு மோட்டார்

இச்சூழலில் நாயுடு பீளமேட்டில் மின் தொழிற்கூடம் ஒன்றை நிறுவினார். அங்கு 1937 ஆம் ஆண்டில் மோட்டார் உருவானது. இதன் வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றியவர் டி. பாலசுந்தரம் நாயுடு ஆவார். இவ்வெற்றியைத் தொடர்ந்து பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, நூற்பாலை இயந்திரத் தயாரிப்பில் பெயர் பெற்றார்.

நீர் இறைக்கவும் ஆலை ஓட்டவும் பெரிதும் பயன்படுவது மாறுமின்னோட்டத் தூண்டல் மோட்டார். இதில் நிலையகம், சுழலகம் என இரு முதன்மைப் பகுதிகள் உண்டு. நிலையகத்தில் சுற்றப்பட்ட செப்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பாயும்போது சுழலும் காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலம் சுழலகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதைத் தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு முனை கொண்ட மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். சுமையோடு ஓடும் சுழலகம் அதைவிடச் சற்றுக் குறைவாகச் சுழலும்.

கோட்பாடு எளிதாகத் தோன்றினாலும் தயாரிப்பு எளிதன்று. மெல்லிய எஃகுத் தகடுகளை ஒரே அளவில் வெட்டி அடுக்க வேண்டும். தகடுகளுக்கிடையே மின்காப்பு இல்லையெனில் உள்ளகம் சூடேறும். செப்புக் கம்பியின் பூச்சு எங்கேனும் உரிந்திருந்தால் சுருள் எரிந்துபோகும். நிலையகத்துக்கும் சுழலகத்துக்கும் இடையே உள்ள காற்றிடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, சுற்றிலும் ஒரே சீராக இருத்தல் வேண்டும். எனவே மோட்டார் செய்ய முனையும் பணிமனை, வார்ப்பு, கடைசல், தகடு வெட்டுதல், கம்பிச் சுற்று ஆகிய அனைத்திலும் ஒருங்கே தேர்ச்சி பெற்றாக வேண்டும்.

பயன்

ஒரு குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 746 வாட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதியளவு ஆற்றலை வீணாக்கினாலும், 20 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து ஒரு குதிரைத்திறன் மோட்டாரால் நொடிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீரை இடைவிடாமல் இறைக்க இயலும். மாடுகளுக்கு ஓய்வு தேவை. மோட்டாருக்கு அது தேவையில்லை. பிற்காலத்தில் மோட்டார், பம்பு தயாரிப்பில் கோவை நாட்டின் முன்னணி மையமாக வளர்ந்ததில், இத்தொடக்ககால முயற்சிகளுக்கும் அங்குப் பயின்ற தொழிலாளர்களுக்கும் பெரும் பங்குண்டு.

ரேசண்ட் சவரக் கருவி

நாயுடுவின் கண்டுபிடிப்புகளுள் வெளிநாடுகளில் பெயர் பெற்றுத் தந்தது ரேசண்ட் எனப்படும் மின்சவரக் கருவி. இது உலர் மின்கலங்களால் இயங்கும் சிறிய மோட்டாரைக் கொண்டது. மின் இணைப்பு இல்லாத இடங்களிலும் பயன்படுத்த முடிந்தது இதன் சிறப்பு. ஜெர்மனியின் ஹைல்பிரோன் நகரோடு இதன் தயாரிப்பு தொடர்புடையது. மிக மெல்லிய சவர அலகுகளையும் நாயுடு உருவாக்கினார்.

பம்பு மோட்டாரும் சவர மோட்டாரும் ஒரே மனிதரின் முயற்சிகளில் இடம்பெற்றவை என்றாலும், அவற்றின் தேவைகள் முற்றிலும் வேறானவை. பம்பு மோட்டார் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓட வேண்டும்; எடை கூடினாலும் குற்றமில்லை. சவர மோட்டார் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். குறைந்த மின்னழுத்தத்தில், நேர்மின்னோட்டத்தில், மிகுந்த வேகத்தோடும் குறைந்த அதிர்வோடும் சுழல வேண்டும். செய்ய வேண்டிய வேலையை முதலில் வரையறுத்து, அதற்கேற்ற மோட்டாரைத் தேர்ந்தெடுத்தல் என்னும் அடிப்படைப் பொறியியல் பாடத்துக்கு இவ்விரண்டும் தக்க எடுத்துக்காட்டுகள்.

பிற கண்டுபிடிப்புகள்

நாயுடுவின் பெயரோடு தொடர்புடைய பிற கருவிகளுள் சில வருமாறு:

• பழச்சாறு பிழியும் கருவி.

• மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி. மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு இது பயனுள்ளதாகக் கருதப்பட்டது.

• முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி. இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முறையாகக் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 1982 ஆம் ஆண்டில்தான் பயன்படுத்தப்பட்டது. நாயுடு அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார்.

• ஐந்து வால்வு வானொலிப் பெட்டி. இதை 70 ரூபாய்க்கு உள்நாட்டிலேயே செய்து தர இயலும் என 1941 ஆம் ஆண்டில் அறிவித்தார். யு. எம். எஸ். என்னும் பெயரிலேயே வானொலிப் பெட்டிகளும் வெளிவந்தன.

• இருவர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்து. 1952 ஆம் ஆண்டில் உருவான இதன் விலை 2,000 ரூபாய் எனத் திட்டமிடப்பட்டது.

• விரைவு வீடு கட்டும் முறை. 1967 ஆம் ஆண்டில் காலை 6 மணிக்கு அடித்தளம் இட்டு, அன்று மாலை 5 மணிக்குள் குடியேறத்தக்க வீடு ஒன்றைக் கட்டி முடித்ததாகக் குறிப்பிடப்படுகிறது.

அரசின் கொள்கைகளோடு முரண்பாடு

நாயுடுவின் பல திட்டங்கள் மாதிரி நிலையைத் தாண்டிச் சந்தைக்கு வரவில்லை. இதற்கு முதன்மைக் காரணமாக இவர் கருதியது அரசின் உரிம முறையும் வரிக் கொள்கையும் ஆகும்.

இரண்டாம் உலகப் போரின்போது 1940 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு மிகை ஆதாய வரியை விதித்தது. போருக்கு முந்தைய அளவைவிடக் கூடுதலாக ஈட்டப்பட்ட ஆதாயத்தில் பெரும்பகுதி வரியாகச் சென்றது. ஈட்டிய பொருளைப் புதிய ஆய்வுகளில் முதலீடு செய்துவந்த நாயுடுவுக்கு இது பெரும் இடையூறாக இருந்தது. வரித்துறையோடு இவருக்கு நீண்ட காலம் பிணக்கு நிலவியது.

விடுதலைக்குப் பின் 1951 ஆம் ஆண்டு தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குபடுத்தல் சட்டம் இயற்றப்பட்டு 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மகிழுந்து உள்ளிட்ட குறிப்பிட்ட தொழில்களில் உற்பத்தி தொடங்க நடுவண் அரசின் உரிமம் கட்டாயமானது. அரிதான வெளிநாட்டுச் செலாவணியையும் மூலப்பொருளையும் திட்டமிட்டுப் பகிர்வது இச்சட்டத்தின் நோக்கம். நாயுடுவின் இருவர் மகிழுந்து வெளியான அதே 1952 ஆம் ஆண்டில் இம்முறை செயல்படத் தொடங்கியது. உரிமம் கிடைக்காமையால் மகிழுந்துத் தயாரிப்பு கைவிடப்பட்டது.

அரசின் கொள்கைகளுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் வகையில் 1950களில் நாயுடு தாம் உருவாக்கிய பொருட்கள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தழித்தார். இச்செயல் அன்று பரபரப்பை உண்டாக்கியது. ஆக்கிய பொருளை அழிப்பதால் சமூகத்துக்கு என்ன பயன் என்ற கேள்வியும், உழைத்து உருவாக்கியவற்றைச் சந்தைக்குக் கொண்டுவர வழியில்லாதவர் வேறு எப்படித் தம் நிலையை உணர்த்த முடியும் என்ற கேள்வியும் இந்நிகழ்வைப் பற்றிய உரையாடல்களில் இன்றும் எழுகின்றன.

தொழிற்கல்வி

1944 ஆம் ஆண்டில் நாயுடு மோட்டார் தொழில் நிறுவனங்களின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகை, தொழிலாளர் நலத் திட்டங்கள் ஆகியவற்றை அறிவித்தார்.

இவரது முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. 1945 ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கல்லூரியின் முதல்வராக நாயுடுவே பொறுப்பேற்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது குறிப்பிடத்தக்கது. இக்கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்தது. அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் இன்று இயங்குவது இதுவே. அவிநாசி சாலையில் பீளமேட்டை அடுத்த ஒரு பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என வழங்கப்படுவது இந்தப் பழைய பெயரின் எச்சமாகும்.

பொறியியல் பட்டப் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, மாணவர்கள் நாள் முழுவதும் பணிமனையில் ஈடுபட்டால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது நாயுடுவின் உறுதியான கருத்து. நீண்ட படிப்பால் இளைஞர்களின் காலம் வீணாகிறது என அவர் எண்ணினார். அரசு இதனை ஏற்கவில்லை. ஆகவே நாயுடு தம் பொறுப்பிலிருந்து விலகினார்.

இக்கருத்து விவாதத்துக்குரியது. நாயுடுவின் சொந்த வளர்ச்சி முழுவதும் செய்முறையால் அமைந்தது. எனினும் மோட்டார் வடிவமைப்பில் காந்தப்புலக் கணக்கீடு, வெப்பம், பொருளியல்பு ஆகியவற்றைப் பற்றிய ஏட்டறிவும் இன்றியமையாதது. ஏட்டறிவுக்கும் கைத்திறனுக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்ற சிக்கல் பொறியியல் கல்வியில் இன்றும் தீர்ந்துவிடவில்லை.

வேளாண்மையும் மருத்துவமும்

பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளை நாயுடு தம் பண்ணையில் வளர்த்தார். இயற்பியல் அறிஞர் சர் சி. வி. ராமன், பொறியாளர் சர் எம். விசுவேசுவரய்யா ஆகியோர் இப்பண்ணையைப் பார்வையிட்டனர். ராமன் இவரது பன்முகத் திறமையை மிகவும் பாராட்டியுள்ளார். சித்த மருத்துவத்திலும் நாயுடுவுக்கு ஈடுபாடு இருந்தது. மூலிகை மருந்துகள் குறித்த ஆய்வுகளுக்குப் பொருளும் நேரமும் செலவிட்டார்.

அரசியல்

மாகாண சட்டமன்றத்துக்கு நடைபெற்ற தேர்தலில் நாயுடு போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். அதன்பின் நேரடி அரசியலில் இவர் குறிப்பிடத்தக்க இடம் பெறவில்லை.

கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களின் காலம்

நாயுடுவின் மகிழுந்து வெளிவந்த அதே 1952 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் எண்முறைக் கட்டுப்பாட்டால் இயங்கும் துருவல் இயந்திரத்தை (மில்லிங் மெஷின்) செய்து காட்டியது. துளையிட்ட நாடாவில் பதிந்த எண்களைக் கொண்டு இயந்திரத்தின் மூன்று அச்சுகளும் நகர்த்தப்பட்டன. இதன் வழித்தோன்றல்களே இன்றைய கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள்.

இன்று கல்லூரி மாணவர்களும் ஆர்வலர்களும் வீட்டிலேயே சிறிய கணினிக் கட்டுப்பாட்டுத் துருவல் இயந்திரங்களை உருவாக்குகின்றனர். அவற்றின் அச்சுகளை நகர்த்தப் பெரும்பாலும் பயன்படுவது ஸ்டெப்பர் மோட்டார் எனப்படும் படிநிலை மின்னோடி. பரவலாகக் கிடைக்கும் வகை, ஒரு மின்துடிப்புக்கு 1.8 பாகை வீதம், ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் எடுக்கும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகோடு இணைத்தால், ஒரு படிக்கு 0.025 மில்லிமீட்டர் நகர்வு கிடைக்கும். இவ்வகை மோட்டார், நின்ற நிலையில் மிகுந்த பிடிப்பு விசை கொண்டது. வேகம் கூடக்கூட அதன் முறுக்குவிசை குறையும். எனவே மோட்டாரின் அட்டையில் குறிக்கப்பட்ட பிடிப்பு விசையை மட்டும் பார்த்து வாங்குவோர், வெட்டும் வேகத்தில் படிகள் தவறுவதைக் கண்டு ஏமாற்றமடைவர். தேவையான வேகத்தில் எவ்வளவு முறுக்குவிசை எஞ்சுகிறது என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டுச்சுற்றின் மின்னழுத்தத்தைத் தக்கவாறு உயர்த்தினால், உயர் வேகத்தில் ஏற்படும் இழப்பு ஓரளவு குறையும்.

நாயுடுவின் காலத்தில் இவ்வகை இயந்திரங்கள் கோவைப் பணிமனைகளில் இல்லை. ஆயினும் கிடைத்ததைப் பிரித்துப் பார்த்து, வேலைக்கேற்ற மோட்டாரைத் தேர்ந்து, இல்லாததைத் தாமே செய்துகொள்ளும் பணிமனை மரபு, இவரைப் போன்றோரால் அந்நகரில் வேரூன்றியது.

மறைவும் நினைவும்

நாயுடு 1974 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் தமது 80 ஆம் வயதில் காலமானார். இவரது மகன் ஜி. டி. கோபால் இவரது அறக்கட்டளைப் பணிகளைத் தொடர்ந்தார்.

1967 ஆம் ஆண்டில் நாயுடு தொடங்கிய தொழிற்கண்காட்சி, இவர் உருவாக்கியவற்றையும் வெளிநாடுகளில் திரட்டியவற்றையும் மாணவர்கள் காண வழிசெய்தது. பழைய மகிழுந்துகளைக் கொண்ட அருங்காட்சியகம் 2015 ஆம் ஆண்டில் கோவை அவிநாசி சாலையில் இவரது அறக்கட்டளை சார்பில் திறக்கப்பட்டது. இவரைப் பற்றி இந்தியத் திரைப்படப் பிரிவு தயாரித்த ஆவணப்படம், 2018 ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் அறிவியல் படப் பிரிவில் விருது பெற்றது. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது. ஹோப் காலேஜ் பகுதியும் பீளமேடும் இச்சாலையிலேயே அமைந்துள்ளன.